ஈயாடாத முகம்

ஒரு ஊரில் ஒரு ஈ இருந்தது. எந்த ஊர் என்று கேட்டால் உடன்குடிப் பக்கம் என்று கையைக் காட்டிவிடலாம். எந்த ஈ என்று கேட்டால்தான் திண்டாட்டம். ஈயைப் பற்றி ஒரு கதையா என்று முகத்தைச் சுளிக்க வேண்டாம். நாம் சாப்பிட உட்கார்ந்ததும் கூப்பிடாமலே வந்து கூட உட்காருகிற ஜீவன் வேறு எது? சொந்தக்காரர்கள்கூட இப்போதெல்லாம் போன் பண்ணிக் கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள்.

இது பால்துரை வீட்டு ஈ. பால்துரை கல்யாணச் சமையல்காரர். சுற்றுவட்டாரத்தில் கருப்பட்டிப் பாயசம் என்றால் அவர் கைதான். வீட்டுக்குப் பின்னால் பெரிய பெரிய அண்டாக்கள் கழுவிக் கவிழ்த்துக் கிடக்கும். அடுப்படி மூலையில் ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி இருக்கும். ஒரு ஈக்கு வேறென்ன வேண்டும்? ஆனாலும் கருப்பட்டிக்காகத்தான் அது அங்கே கிடந்தது என்று சொன்னால் பாவம்.

மற்ற வீடுகளில் ஈயைக் கண்டால் "சீ" என்பார்கள், "சனியன்" என்பார்கள். பேப்பரைச் சுருட்டிக்கொண்டு ஓடி வருவார்கள். பால்துரை அப்படியில்லை. தோளில் கிடக்கிற துண்டை எடுத்து லேசாக ஒரு வீசு வீசுவார். "போ தாயி" என்பார். அக்கம்பக்கத்துச் சின்னப் பெண்பிள்ளைகள் அடுப்புக்குக் கிட்டே வந்தால் எந்தக் குரலில் சொல்வாரோ அதே குரல்.

உலகத்தில் ஈயைத் தாயி என்று கூப்பிடுகிற மனுஷர் வேறு யாராவது இருக்கிறார்களா? ஈக்கு அந்த ஒரு வார்த்தை போதும். அதைக் கேட்பதற்காகவே அவர் காதுக்குக் கிட்டே போய் வம்பாக உட்காரும். "போ தாயி" என்பார், போகும். மறுபடி வரும். மறுபடி சொல்வார். இரண்டு பேருக்கும் சலிக்கவே சலிக்காது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் ஒரு கல்யாண வீட்டில் அந்தக் காரியம் நடந்தது. பந்தியில் மாப்பிள்ளையின் தாய்மாமன் இலையில் பாயசம் ஊற்றினார்கள். அதில் ஒரு ஈ செத்து மிதந்தது.

அந்த மனுஷர் கையை உதறிவிட்டு இலையை விட்டு எழுந்தார். அவர் எழுந்ததும் பக்கத்தில் இருந்தவர்களும் எழுந்தார்கள். கல்யாணச் சமையல்காரனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. பால்துரை சமையல் கொட்டகையிலிருந்து ஓடி வந்து இலையைக் குனிந்து பார்த்தார். ஈதான், சந்தேகமே இல்லை. எல்லார் முன்னாலும் கையெடுத்துக் கும்பிட்டார். "ஈ விழுந்த கை இது, இனி இந்தக் கையால நாங்க திங்கணுமா?" என்று கேட்டுவிட்டு அந்தத் தாய்மாமன் கை கழுவப் போய்விட்டார்.

பாயசத்தில் விழுந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? நம் ஈயின் ஒன்றுவிட்ட அக்காதான். எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவள். அவள் செத்ததற்கு அழுவதா, அவளால் பால்துரைக்கு வந்த கேவலத்துக்கு வெட்கப்படுவதா என்று ஈக்குப் புரியவில்லை. கையைக் கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. யோசனை வந்தால் ஈ கையைத் தேய்க்கும். யோசனை வராவிட்டாலும் தேய்க்கும், அது வேறு விஷயம்.

பால்துரை வீட்டுக்கு வந்தார். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தார். அன்றைக்குப் படுத்தவர்தான், குளிக்கவும் கொல்லைக்குப் போகவும் எழுந்தாரே தவிர வேறெதற்கும் எழுந்திருக்கவில்லை. கொடுத்ததைக் கொஞ்சம் சாப்பிட்டார். கேட்டதற்கு ம் என்றார். தோளில் கிடந்த துண்டு கொடியில் தொங்கியது.

அவர் மனைவி தங்கக்கனிக்கு ஈக்கள் மேல் வந்ததே ஒரு கோபம். ஒரு குடும்பத்தையே குப்புறத் தள்ளிய ஜாதி என்று வீடு முழுக்கப் பினாயில் ஊற்றித் தேய்த்தாள். ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்தாள். சோற்றுக்கு மேல் வலைமூடி போட்டாள். வீட்டில் இருந்த ஈக்களெல்லாம் மூட்டையைக் கட்டிக்கொண்டு கருவாட்டுக் கடைப் பக்கம் போய்விட்டன. நம் ஈ மட்டும் பாத்திரம் கழுவுகிற அங்கணத்தின் தண்ணீர் வெளியே போகிற குழாய் வழியாக உள்ளே வந்து, பினாயில் வாடையில் தும்மித் தும்மி, மேலே உத்தரத்தில் ஒளிந்து உட்கார்ந்திருந்தது. வயிற்றுக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் 'போ தாயி' என்று ஒரு தடவையாவது கேட்காமல் எப்படிப் போவது?

ஒரு நாள் தங்கக்கனி அவள் அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"என்னத்தச் சொல்லக்கா. அவிய முகத்துல ஈயாடல. பாக்கச் சகிக்கல. இந்த வீட்டுல ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல பாத்துக்கோ."

உத்தரத்தில் இருந்த ஈக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஈயாடவில்லையா? அதனால்தான் இந்த மனுஷர் இப்படிக் கிடக்கிறாரா? எட்டிப் பார்க்கவில்லையாமே, அப்படியானால் இத்தனை நாளாக நான் பார்த்ததெல்லாம் என்ன?

அன்றைக்குச் சாயந்திரம் ஜெயபாண்டி வந்தான். அதே தெருக்காரன், வாழைக்காய் வியாபாரி. அவன் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தான். சமையலுக்குப் பால்துரைதான் என்று எப்போதோ வெற்றிலைபாக்கு வைத்துச் சொல்லியாகிவிட்டது. கல்யாணத்துக்கு நாள் நெருங்கிவிட்டது.

"அண்ணாச்சி, நாளைக்கு விறகு வந்து எறங்குது. நீங்க வந்து பாத்துச் சொல்லணும்" என்றான்.

பால்துரை திரும்பவில்லை. "வேற ஆளப் பாரு தம்பி. அலமாரியில நீ வச்ச தட்டு இருக்கு. வெத்தலைய எடுத்துட்டுப் போயிரு."

"வாங்குன வெத்தலையத் திருப்பிக் கொடுக்கது எந்த ஊரு மொறை அண்ணாச்சி?"

"ஈ விழுந்த கை தம்பி இது."

"எல்லார் கையிலயும் விழத்தான் செய்யும். கடைத்தெருவுல என்ன பேசுதாவ தெரியுமா? பால்துரை வீட்டுல ஒக்காந்து ஈ ஓட்டிட்டு இருக்காருன்னு பேசுதாவ. எனக்குக் கேக்க நல்லா இல்ல."

ஜெயபாண்டி வெற்றிலைத் தட்டைத் தொடாமல் வாசலுக்கு வந்தான். அங்கே தங்கக்கனியிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "மதினி, நாளைச் சாயந்திரம் வரைக்கும் நான் வேற யாருகிட்டயும் போவ மாட்டேன். அதுக்கு மேல என்னால ஆவாது. பொண்ணு கல்யாணம் பாத்துக்கிடுங்க."

"இதையும் விட்டாவன்னா அவிய இனி எந்திரிக்க மாட்டாவ தம்பி" என்றாள் தங்கக்கனி. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஈ நேரே சுவருக்குப் பறந்தது. அங்கே ஆணியில் பனையோலை விசிறி தொங்கியது. ஈக்கும் விசிறிக்கும் பரம்பரைப் பகை. பகை என்றாலும் ஒரே வீட்டில் கிடப்பவர்கள், முகம் பார்த்துப் பேசாமல் முடியுமா? அதனால் மதினி என்று ஒரு முறை வைத்துப் பேசிக்கொள்வார்கள். இதெல்லாம் மனுஷர் காதில் விழாது.

"மதினி, சேதி கேட்டியா? அவரு முகத்துல ஈயாடலையாம்."

"அதுக்கு இப்ப என்ன?" என்றது விசிறி.

"என்னவா? ஈன்னா யாரு? நாந்தானே. நான் ஆடாமப் போனதாலதானே அந்த மனுசன் இப்படி மொடங்கிக் கெடக்காரு."

விசிறிக்கும் அந்தப் பேச்சுக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்கிற பழக்கம் அதற்குக் கிடையாது. "இருக்கும், இருக்கும். பொம்பளை காரணம் இல்லாமச் சொல்லுவாளா?" என்றது.

"அந்த வாழைக்காய் யாவாரி வேற சொல்லுதான், ஒக்காந்து ஈ ஓட்டுதாராம். எங்க ஓட்டுதாரு? ஓட்டுனா எனக்கில்ல மொதல்ல தெரியும்? ஆடாத ஈய எப்படி ஓட்ட முடியும்?"

அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஒரு மரத்துடுப்பு சாத்தி வைத்திருந்தது. பாயசம் கிண்டுகிற துடுப்பு, பால்துரை உயரம் இருக்கும். அது பெருமூச்சு விட்டது. "மனுசப் பேச்சுல கணக்குப் பாக்காத. எனக்கு ஒண்ணுதான் தெரியும். அந்தக் கை படாம என் பிடியெல்லாம் காஞ்சு போச்சு. நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள அந்தக் கை வரலன்னா என்னைய விறகோட விறகா அடுக்கிருவாவ."

"அப்படியெல்லாம் பேசாத பெரியப்பா. நான் போயி ஆடுதேன்" என்றது ஈ.

"ஃபேன் சுத்துது, கிட்டப் போவ முடியாது. போனாலும் அந்தத் தங்கக்கனி கண்ணுல பட்டா ஒன்னைய நசுக்கிப் போடுவா" என்றது விசிறி.

"நசுக்கட்டுமே. எங்க அக்கா செஞ்ச கேட்டுக்கு நான் ஒரு ஆட்டம் ஆடக் கூடாதா?"

அந்த நேரம் பார்த்து மேலே ட்யூப்லைட் ஓரத்தில் இருந்த பல்லி, "ச்சு, ச்சு, ச்சு" என்றது.

"பாத்தியா மதினி, பல்லி சொல்லிருச்சு. நல்ல சகுனம்" என்றது ஈ.

பல்லி நாக்கைச் சப்புக்கொட்டியது ஈயைப் பார்த்து. ஆனால் அப்போது அதைப் போய் யார் விளக்கிக்கொண்டிருப்பது?

மறுநாள் மத்தியானம் கரண்டு போனது. சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் முனகி நின்றது. புழுக்கம் தாங்காமல் பால்துரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் மல்லாக்கத் திரும்பினார். கண் திறந்துதான் இருந்தது. உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈ இறங்கியது. முதலில் நெற்றியில் உட்கார்ந்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. மூக்கு வழியாக நடந்து நுனிக்கு வந்தது. கொஞ்சம் காத்திருந்து பார்த்தது. துண்டு வரவில்லை, கை வரவில்லை, தாயியும் வரவில்லை. போதவில்லை போலிருக்கிறது என்று கன்னத்துக்குப் போய் இன்னும் நன்றாக ஆடியது.

ஈக்கு ருசி தெரிவது காலில்தான். கன்னத்தில் கால் பட்டதும் உப்புக் கரித்தது. வியர்வை உப்பு ஈக்குத் தெரியும், அது கழுத்தில் இருக்கும், முதுகில் இருக்கும். இது கண்ணோரத்திலிருந்து காது வரைக்கும் ஒரு கோடாக இருந்தது. அதற்குக் கீழே பழைய கோடு ஒன்று காய்ந்து கிடந்தது. இந்த மனுஷர் இத்தனை நாளாகச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அந்த வீட்டில் ஈக்கு மட்டும்தான் தெரிந்தது. அழுதுகொண்டே ஆடியது. இமை மேல் ஆடியது, உதட்டோரம் ஆடியது. பால்துரை இமைகூடத் தட்டவில்லை.

தங்கக்கனி காப்பி டம்ளரோடு உள்ளே வந்தாள். வந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

ஈக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இப்போது பார்க்கிறாள் அல்லவா? முகத்தில் ஈயாடுகிறது அல்லவா? உடனே போனை எடுத்து அக்காவிடம் சொல்வாள் என்று எதிர்பார்த்தது.

தங்கக்கனி டம்ளரைத் தரையில் வைத்தாள். அவள் முகம் கோணியது. சத்தம் வெளியே வராமல் அழ ஆரம்பித்தாள். அந்த அழுகையைப் பார்த்து ஈ பயந்து போய் விசிறிக்கு ஓடியது.

"மதினி, நான் நல்லாத்தானே ஆடுனேன். அவ ஏன் அழுதா?"

விசிறியின் குரலில் வழக்கமான மிடுக்கு இல்லை.

"ஏளா, நான் சொல்லுதத நல்லாக் கேட்டுக்கோ. இவரோட அப்பா செத்தப்ப அவரக் கூடத்துல கெடத்திருந்தாவ. தலமாட்டுல இதே தங்கக்கனி ஒக்காந்து என்னைய வச்சு வீசிக்கிட்டே இருந்தா. காத்துக்கு இல்ல. செத்தவரு முகத்துல ஈ ஒக்காந்துரக் கூடாதுன்னு. உசுரோட இருந்தா அவரே ஓட்டிருவாரே. செத்துட்டா அடுத்த ஆளுதானே ஓட்டணும்? நீ இவரு முகத்துல ஆடுன, இவரு சும்மா கெடந்தாரு. அதத்தான் அவ பாத்தா."

ஈ கையைத் தேய்க்கவில்லை. அதற்குக் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

அப்போது தங்கக்கனியின் கை வந்து விசிறியை ஆணியிலிருந்து எடுத்தது.

"வேண்டாம் தாயி, என்னைய எடுக்காத. இந்த மாதிரி எடுக்குத கை எனக்குத் தெரியும்" என்று விசிறி கெஞ்சியது. யார் காதில் விழும் அது?

தங்கக்கனி கட்டிலின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்தாள். பால்துரையின் முகத்துக்கு நேரே மெதுவாக வீச ஆரம்பித்தாள். கண்ணைத் துடைக்கவில்லை. ஒரே சீராக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விசிறி போய் வந்தது. கரண்டு இல்லாத வீட்டில் அந்த ஓலைச் சத்தம் மட்டும் கேட்டது.

அந்தச் சத்தம் பால்துரைக்குத் தெரியும். அப்பா கிடந்த அன்றைக்கு அவர் கால்மாட்டில் உட்கார்ந்து நாள் முழுக்க அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். கண் மெல்ல உத்தரத்தை விட்டு இறங்கி வந்தது. மனைவியைப் பார்த்தார்.

"என்னட்டி இது? பொணத்துக்கு வீசுத மாதிரி வீசுத?"

"ஈ மொகத்துல ஏறி நடக்கு. ஓட்டத் தெரியல ஒங்களுக்கு" என்றாள் தங்கக்கனி. "பின்ன எப்படி வீசணும், நீங்களே சொல்லுங்க."

அவள் வீசுவதை நிறுத்தவில்லை. இன்றைக்குச் சாயந்திரம் ஜெயபாண்டி வேறு ஆளைப் பார்க்கப் போய்விடுவான். அது இரண்டு பேருக்கும் தெரியும். அவர் எழுந்திருக்கவும் இல்லை, மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பவும் இல்லை.

ஈக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. இவர் பிழைப்பது நான் ஆடுவதில் இல்லை, இவர் ஓட்டுவதில் இருக்கிறது. ஓட்ட வேண்டுமானால் ஒரு ஈ வேண்டும். வீட்டில் இருப்பதோ ஒரே ஈ. நடுவில் விசிறி போய் வந்துகொண்டிருக்கிறது. தங்கக்கனி கையில் இருக்கிற விசிறியில் ஒரு அடி பட்டால் போதும், அக்கா போன இடத்துக்குப் போய்விடலாம்.

"மதினி, நான் வாரேன்" என்றது ஈ.

"வராதட்டி. நான் ஆடுதது என் கையில இல்ல. அவ கையில இருக்கு."

"ஓரத்த மட்டும் கொஞ்சம் தூக்கிக்கோ."

அது பாய்ந்தது. விசிறி தன்னால் முடிந்தவரை ஒரு ஓலையை வளைத்துக் கொடுத்தது. அப்படியும் ஓரம் இறக்கையில் தட்டியது. ஈ இரண்டு குட்டிக்கரணம் போட்டு, விழுந்து, எழுந்து, தட்டுத்தடுமாறிப் பால்துரையின் மூக்கு நுனியில் வந்து உட்கார்ந்தது. இப்போது அது ஆடவில்லை. ஆடத் தெம்பும் இல்லை. ஒரு இறக்கை மடிந்து தொங்க நின்றது.

தங்கக்கனி பார்த்தாள். ஆத்திரம் பொங்கி வந்தது. வீசிய விசிறியை மாற்றிப் பிடித்து ஓங்கினாள்.

"இரு, அடிக்காதட்டி" என்றார் பால்துரை.

அவர் கை கட்டிலை விட்டு எழும்பியது. தோளுக்குப் போய்த் துண்டைத் தேடியது. துண்டு இல்லை. வெறுங்கையாலேயே முகத்துக்கு முன்னால் லேசாக ஒரு வீசு வீசினார். வார்த்தை கரகரவென்று வந்தது.

"போ தாயி."

தங்கக்கனி கையிலிருந்து விசிறி விழுந்தது. அவள் அப்படியே கட்டில் சட்டத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு, இந்தத் தடவை வாய் விட்டு அழுதாள். பால்துரை எழுந்து உட்கார்ந்தார். அவள் தலையில் கையை வைத்தார். அந்த ஈ விழுந்த கையைத்தான். ரொம்ப நேரம் எடுக்கவில்லை.

பிறகு காப்பி டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"ஆறிப் போச்சு. வேற போடு. ஜெயபாண்டி புளிய விறகு சொல்லிருக்கானா, வேற எதையும் எறக்கிருக்கானா? தென்ன மட்டைய எறக்கிருந்தான்னா பாயசத்துக்குத் தீ நிக்காது."

கதவுக்குப் பின்னால் துடுப்பு தடால் என்று சரிந்து விழுந்தது. எலி தள்ளியிருக்கும் என்றாள் தங்கக்கனி. எலியும் இல்லை, ஒன்றும் இல்லை. அதற்கு மயக்கமே வந்துவிட்டது.

ஜெயபாண்டி மகள் கல்யாணம் நடந்தது. விடியும்போதே சமையல் கொட்டகையில் புளிய விறகு நின்று எரிந்தது. பால்துரை தோளில் துண்டோடு நின்று எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தார். பாயச அண்டாவின் வாயில் வெள்ளை வேட்டியை இரட்டையாகக் கட்டி, கயிறு சுற்றி முடிந்திருந்தார். ஓரத்தில் துடுப்பு போக மட்டும் இடம். அந்த இடத்தில் ஒரு ஆள் நின்று விசிறிக்கொண்டிருக்க வேண்டும் என்று உத்தரவு. அந்த வேலைக்கு வீட்டு விசிறிதான் வந்திருந்தது. பட்டு உடுத்தாத குறையாக நின்றது.

தங்கக்கனி கொட்டகை ஓரத்தில் நின்று போனில் அக்காவிடம் பேசினாள். "அவியளுக்கு என்னக்கா, தொண்டை கிழியச் சத்தம் போட்டுட்டு நிக்காவ. கேக்கவே நல்லா இருக்கு."

ஈ அவள் தோளுக்கு மேலே கம்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. இறக்கை ஒரு பக்கம் கொஞ்சம் மடிந்திருந்தாலும் பறக்க முடிந்தது. அவள் பேசி முடித்தாள். அது விசிறியிடம் வந்தது.

"இவ்வளவு பேசுதா, முகத்துல ஈயாடுதுன்னு ஒரு வார்த்த சொல்லலியே மதினி."

"ஆடலைன்னாத்தான் ஏளா சொல்லுவாவ" என்றது விசிறி. "ஆடுனா யாரு சொல்லுதா?"

ஈக்கு ஒரு நிமிஷம் மனசு சுருங்கியது. அப்புறம், சரி, அதுவும் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டது.

பாயசம் இறங்கியது. முதல் பந்திக்குப் போகும் முன்னால் பால்துரை ஒரு காரியம் செய்தார். ஜெயபாண்டி திருப்பி எடுத்துப் போகாத அந்தத் தட்டைக் கையோடு கொண்டு வந்திருந்தார். அதில் வாடிக் கிடந்த ஒரு வெற்றிலையை எடுத்தார். அகப்பையில் கொஞ்சம் பாயசம் கோரி அதில் ஒரு சொட்டு விட்டார். கொட்டகையை விட்டுத் தள்ளி நடந்து, தென்னைக்கு அப்பால் கிணற்றுச் சுவர் மேல் வைத்தார். சுற்றிலும் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் காற்றைப் பார்த்துச் சொன்னார்.

"ஒனக்கு இங்கன இருக்கு. அண்டாப் பக்கம் மட்டும் வந்துராத, சொல்லிட்டேன்."

ஈ வெற்றிலைக்குப் போகவில்லை. பசிதான், ஆனாலும் முதலில் அவர் காதுக்குக் கிட்டே போய் வம்பாக உட்கார்ந்தது.

பால்துரை துண்டை எடுத்து லேசாக ஒரு வீசு வீசினார். "போ தாயி" என்றார்.

யாரிடமும் விடைபெறும்போது போகிறேன் என்று சொல்வது அந்தப் பக்கத்தில் வழக்கம் கிடையாது. ஈயும் அந்த ஊர்க்காரிதானே.

"போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பறந்தது. சொன்னபடியே அடுத்த நிமிஷம் திரும்பி வந்தது.